ஆறு கடல் பயணம்

கிள்ளான் வட்டார ஒற்றுமை மரண சகாயச் சங்கத்தில் உயிரோடு இருக்கும் உறுப்பினர்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. இது சங்கத்தின் குறை அல்ல. சட்டவிதியின் மூன்றாம் பிரிவே அப்படித்தான். உறுப்பினர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் இரண்டு கூடாரமும் அறுபது நாற்காலியும் நான்கு விசிறியும் அந்த வாசலுக்கு வந்து சேரும். நாற்பத்தொன்பது ஆண்டுகளாக இதைப் பற்றி ஒருவரும் குறைப்பட்டதில்லை. செத்தவர்கள் பொதுக்கூட்டத்துக்கு வருவதில்லை.

ஐம்பதாம் ஆண்டில் தலைவர் பழனியப்பனுக்கு ஒரு ஞானம் பிறந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பல் டாக்டரைப் பார்க்கப் போனவருக்குப் பக்கத்துப் பயண ஏஜென்சியில் இரண்டு பளபளப்பான புத்தகங்களை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஆற்றில் நீளமான கப்பல் ஒன்று கோட்டைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. மற்றதில் பன்னிரண்டு மாடிக் கப்பல் ஒன்று நடுக்கடலில் நின்றது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த வாயாலேயே அவர் செயலவைக் கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

கூட்டம் ஜாலான் தெங்கு கிளானாவில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்தது. செயலவையினர் எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். செயலாளர் கன்னையா குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்தார். துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த கப்பல், போன கப்பல், இறங்கிய சரக்கு எல்லாவற்றையும் ஒரு பிழை இல்லாமல் எழுதியவர் என்று ஊரில் பெயர். அவர் மனைவி தனலெட்சுமி அதைக் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது என்பதும் உண்மை.

"அம்பது வருஷமா நாம செத்தவங்களுக்கே செஞ்சிக்கிட்டு இருக்கோம்," என்று பழனியப்பன் ஆரம்பித்தார். "ஒருத்தராவது திரும்பி வந்து ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்காங்களா? இந்த வருஷம் உயிரோட இருக்கிறவங்களுக்குச் செய்வோம். மொதல்ல செயலவைக்குச் செய்வோம். செயலவைதான் சங்கத்தோட முகம். முகத்தத்தானே மொதல்ல கழுவணும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். அவரவர் முகம் அவரவருக்கு அழுக்காகத் தெரிந்திருக்க வேண்டும்.

பொருளாளர் யுவராஜ் இரண்டு புத்தகங்களையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். "பாஸ், ஆத்துக் கப்பல் டிக்கெட் வெல ஜாஸ்தி. ஆனா எல்லாம் உள்ளயே வந்துருது. சாப்பாடு, குடிக்கிறது, எறங்கி ஊர் பாக்கிறது, வைஃபை எல்லாமே. கடல் கப்பல் டிக்கெட் மலிவு. ஆனா வைஃபைக்குத் தனி, டிப்ஸுக்குத் தனி, கூல்டிரிங்ஸுக்குத் தனி, ஊர் பாக்கத் தனி."

"நம்ம கல்யாண மண்டபம் மாதிரின்னு சொல்லுங்க. வாடக கம்மிம்பான், அப்புறம் ஏர்கோனுக்குத் தனியா புடுங்குவான்," என்றார் பழனியப்பன்.

துணைத் தலைவர் லோகேஸ்வரி டீச்சர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மீன் வாங்கும்போதுகூட இலக்கணத்தோடு பேரம் பேசுவார். "ஆற்றில் இரண்டு பக்கமும் கரை தெரியும். கடலில் ஒரு பக்கமும் தெரியாது. ஆகவே கொடுக்கும் விலைக்குக் கிடைக்கும் காட்சி ஆற்றில் இரட்டிப்பு. எனினும் கடற்கப்பலில் நீச்சல் குளம் இருப்பதாகப் போட்டிருக்கிறது. கடலில் எதற்குக் குளம் என்பதையும் ஆராய வேண்டும்."

இரண்டு மணி நேரம் பேசியும் முடிவு வரவில்லை. ஆற்றுப் பயணம், கடல் பயணம் இரண்டின் செலவையும் பயனையும் முறைப்படி ஒப்பிட்டு ஆராய்ந்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தீர்மானம் போடச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து வடை வந்தது. கன்னையா இடது கையில் வடையும் வலது கையில் பேனாவுமாக, 'ஆறு கடல் பயணம் ஒப்பாய்வு செய்வது' என்று எழுதினார். ஆறுக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி விழுந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் போன கூட்டக் குறிப்பை லோகேஸ்வரி டீச்சர் கணீரென்று வாசித்தார். "ஆறு கடல் பயணம் ஒப்பாய்வு செய்வது. ஏகமனதாக ஏற்கப்பட்டது."

பழனியப்பன் விரலை மடக்கிப் பார்த்தார். "ஆறு ட்ரிப்பா? அப்படியா சொன்னோம்?"

"குறிப்பில் இருக்கிறது."

"அப்ப சொல்லியிருப்போம்."

அந்தச் சங்கத்தின் வழக்கம் அது. மனிதர்கள் என்ன சொன்னார்கள் என்பதில் சந்தேகம் வரலாம், குறிப்பில் இருப்பதில் வரக்கூடாது. முன்பு ஒரு முறை கமலநாதன் என்ற உறுப்பினர் காலதாமதமாக வந்தார் என்பதைக் குறிப்பில் காலமானார் என்று எழுதிவிட்டார்கள். திருத்துவதற்கு ஆண்டுப் பொதுக்கூட்டம் வரவேண்டும். அதுவரை கமலநாதனுக்கு ஓட்டு இல்லை. ஆனால் சங்கம் கடமையில் தவறவில்லை. அவர் வீட்டு வாசலுக்கு இரண்டு கூடாரமும் அறுபது நாற்காலியும் போயின. கமலநாதன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு டீ கொடுத்தார்.

கன்னையாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எழுந்து, 'அது என் பிழை, நடுவில் ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சு' என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் முப்பத்தோரு வருடப் பெயர் இருக்கிறதே. ஏழு பேர் முன்னால், அதிலும் டீச்சர் முன்னால், ஒரு காற்புள்ளிக்காக நின்று தலையைச் சொறிய அவருக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு, அதை அவர் தனலெட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை. அத்தனை வருடமும் கரையில் நின்று கப்பலை எண்ணியவர் ஒரு கப்பலில் கூட ஏறியதில்லை. ஆறு பயணம் என்று கேட்டதும் உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

உண்மையான சொகுசுக் கப்பலில் ஆறு முறை போகச் சங்கத்துக்கு வழியில்லை. ஆகவே போர்ட் கிள்ளான் ஜெட்டியிலிருந்து பூலாவ் கெத்தாம் தீவுக்குப் போகும் பெர்ரியே கப்பலாக அறிவிக்கப்பட்டது. நங்கூரப் படம் போட்ட நீல டி-ஷர்ட்டும் வெள்ளைத் தொப்பியும் தைத்தார்கள். ஆய்வுப் படிவம் அச்சடித்தார்கள். அதில் மூன்று கட்டம்: கரை தெரிந்த நேரம், சாப்பிட்ட பண்டம், வாந்தி.

முதல் பயணத்தில் வலது பக்கம் உட்கார்ந்தார்கள். இரண்டாம் பயணம் அதே பெர்ரி, இடது பக்கம். காட்சி வேறு என்பதால் பயணமும் வேறு என்று டீச்சர் ஒப்புக்கொண்டார். அடுத்ததாகக் கோல சிலாங்கூர் பக்கம் ஆற்றில் படகு விடுகிறார்கள், போகலாமே என்று யுவராஜ் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது.

"இயலாது. தீர்மானத்தில் கடல் பயணம் என்றுதான் இருக்கிறது. ஆற்றைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை," என்றார் டீச்சர்.

இப்படியாக, ஆறா கடலா என்று பார்க்கக் கிளம்பிய ஆய்விலிருந்து ஆறு ஒழுங்குமுறைப்படி நீக்கப்பட்டது. கன்னையா அதையும் குறிப்பில் எழுதினார். எழுதும்போது கை கூசியது. ஆனாலும் எழுதினார்.

மூன்றாவது பயணமாகக் கேரித் தீவுக்குக் காரில் பாலத்தின் வழியே போனார்கள். அடியில் தண்ணீர் இருந்தால் அது பயணம்தானா என்று பாலத்தின் மேலேயே காரை நிறுத்தி விவாதித்தார்கள். பின்னால் நின்ற லோரிக்காரர்கள் தங்கள் கருத்தை ஹாரனில் தெரிவித்தார்கள். அந்தப் பயணம் செல்லும் என்று பெரும்பான்மையில் முடிவானது. நான்காவதுக்கு மறுபடியும் பெர்ரி, இந்த முறை நின்றுகொண்டு.

ஐந்தாவது பயணத்துக்குக் காப்பாரில் ஒரு மீன்பிடிப் படகு ஏற்பாடானது. ஏற்பாடு செய்தது ராமு. ராமு செயலவையில் இல்லை. செயலவைக்கு வருகிற ஆள் மாதிரியும் இல்லை. சொந்தமாக ஒரு பழைய லோரி வைத்திருந்தார். எங்கே சாவு விழுந்தாலும் சங்கத்துக் கூடாரங்களை ஏற்றிக்கொண்டு போய், மனைவி வீரம்மாவோடு சேர்ந்து நட்டுவிட்டு வருவார். பதினெட்டு வருடமாக லோரி எண்ணெய்க் காசு மட்டும்தான் வாங்கினார்.

படகு கிளம்பும் முன் ராமு கன்னையாவைத் தனியாகக் கூப்பிட்டார். "கிளார்க்கண்ணே, டெண்ட் வச்சிருக்கிற ஸ்டோர் சாவி ஒண்ணு எங்கிட்டயும் இருக்கட்டுமே. நீங்க எல்லாரும் கடல்ல இருக்கிறப்ப எவனாச்சும் செத்து வச்சான்னா?"

ஸ்டோர் சாவி செயலாளரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது பழைய தீர்மானம். மாற்றுச் சாவி ஒன்று உண்டு. பாதுகாப்பு கருதி அதை ஸ்டோருக்கு உள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

"தீர்மானம் இல்லாம குடுக்க முடியாதுலா ராமு. அடுத்த மீட்டிங்ல வச்சிருவோம்."

"தாப்பாண்ணே, பரவால்ல. நீங்க எது சொன்னாலும் சரியாத்தான் இருக்கும்," என்று சிரித்துவிட்டுப் போனார் ராமு. அந்தச் சாவிப் பேச்சை அடுத்த கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை. கன்னையாவுக்கும் ஞாபகம் வரவில்லை. ஆறாவது பயணத்துக்குத் தொப்பிக்கு நாடா வைப்பதா வேண்டாமா என்பதிலேயே அன்று மத்தியானம் போய்விட்டது.

ஆறாவது பயணம்தான் மகுடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குத் தனிப் படகே வாடகைக்கு எடுத்தார்கள். நிஜக் கடற்கப்பலின் அனுபவம் அப்படியே வேண்டும் என்று பழனியப்பன் பிடிவாதமாக இருந்தார். தண்ணீர் பாட்டிலைக் காசுக்கு விற்றார்கள். கேசரிக்கு டிப்ஸ் வாங்கினார்கள். ஏறும்போதே யுவராஜ் ஒரு துணிப்பையை நீட்டினார்.

"ஹேன்ட்போன் எல்லாம் ஆஃப் பண்ணி இதுல போடுங்க. கடல் கப்பல்ல வைஃபைக்குத் தனிக் காசு. நாம கட்டல. அதனால லைன் கிடையாது."

கன்னையா தன் போனையும் போட்டார். ஸ்டோர் சாவி இடுப்பில் இருந்தது. கடலுக்குள் போனதும் காற்று முகத்தில் அடித்தது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். தூரத்தில், தான் எண்ணிய மாதிரிக் கப்பல்கள் நிற்பதைத் தண்ணீரிலிருந்து பார்த்தார். பகல் பதினொன்றுக்கு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் நின்று பழனியப்பன், "இந்த மழையிலும் சங்கம் உறுப்பினர்களைக் கைவிடாது" என்று பேசினார். கன்னையாவும் கை தட்டினார்.

நாலரை மணிக்குக் கரையேறிப் போனை முடுக்கியபோது இருபத்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. எல்லாம் வீரம்மாவின் எண். கடைசியில் யாரோ பக்கத்து வீட்டுப் பெண் அனுப்பிய குரல் செய்தி ஒன்று. ராமு காலை ஒன்பது மணிக்கு மார்வலியில் போய்விட்டார். டெண்ட் வேண்டும். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.

காப்பாரில் ராமு வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனது அவருக்கு நினைவில்லை. வாசலில் இறங்கிய பிறகுதான் தலையில் வெள்ளைத் தொப்பி இருப்பது தெரிந்தது. கழற்றிச் சட்டைக்குள் செருகினார். நெஞ்சிலிருந்த நங்கூரத்தை எதுவும் செய்ய முடியவில்லை.

எல்லாம் முடிந்திருந்தது. ராமுவின் லோரி வாசலை ஒட்டி நின்றது. அதன் கேன்வாஸை ஒரு பக்கம் லோரியிலும் மறு பக்கம் ரம்புத்தான் மரத்திலுமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. அடியில் சேறு. பக்கத்து மலாய்க்காரர் வீட்டு நாற்காலிகள் ஆறு சேற்றில் அரைக்கால் புதைந்து நின்றன.

வீரம்மா உள்ளேயிருந்து வந்தார். கன்னையாவையும் டி-ஷர்ட்டையும் பார்த்தார்.

"வாங்கண்ணே. கடலுக்குப் போயிருந்தீங்களாமே. காத்தும் மழையுமா இருந்துச்சே, எல்லாரும் பத்திரமா வந்துட்டீங்களா?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருந்தால் கன்னையா வாங்கிக்கொண்டு போயிருப்பார். அந்த அம்மாள் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

"அவரு கேன்வாஸத்தான் கட்டினோம். ஒழுகிருச்சு. மூஞ்சியில ரெண்டு வாட்டி தண்ணி சொட்டுச்சு, தொடச்சு விட்டேன். ஸ்டோர ஒடச்சிரலாம்னு பசங்க சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். கிளார்க்கண்ணே எது செஞ்சாலும் ஒரு முறை இருக்கும்னு அவரு சொல்வாரு."

மானம் கப்பலேறிவிட்டது என்று சொல்லிக் கேட்டிருப்போம். கன்னையாவின் மானம் ஏறுவதற்கு அவரே தனிப் படகு பிடித்துக் கொடுத்திருந்தார். இடுப்பில் சாவி குத்திக்கொண்டே இருந்தது. அன்றிரவு தனலெட்சுமி போட்டுக்கொடுத்த சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுக் கை கழுவினார்.

அடுத்த கூட்டத்தில் முதலில் ஒரு நிமிட மௌனம் அனுசரித்தார்கள். பிறகு பழனியப்பன் குறிப்பில் ஏற்றச் சொன்னார்: "அன்னாரின் இறுதிச் சடங்கில் சங்கம் தன்னால் இயன்ற அளவு துணை நின்றது."

கன்னையா பேனாவைத் திறக்கவில்லை. எழுந்து நின்றார். "தலைவரே, நான் ஒண்ணு சொல்லணும். அது ஆறு இல்ல. ஆறு."

"ஆமா, ஆறுதான். ஆறும் முடிச்சிட்டோம்லா."

"அந்த ஆறு இல்லீங்க. ஆறு!"

எல்லோரும் அவரைக் கவலையோடு பார்த்தார்கள். யுவராஜ் தண்ணீர் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சுங்கை!" என்று கன்னையா மலாயில் கத்தினார். "சுங்கை லா! தண்ணி ஓடுற ஆறு, நம்பர் இல்ல! ஆறு, கடல்னு எழுதணும். நடுவுல கமா போட விட்டுட்டேன். டீச்சர் வாசிச்சப்பவே எனக்குத் தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு. கப்பல்ல போற ஆசையும் இருந்துச்சு. அதான் வாய மூடிக்கிட்டேன். நம்மளுக்குப் பதினெட்டு வருஷமா டெண்ட் போட்ட மனுஷன் டெண்ட் இல்லாம மழையில கெடந்தாரு. சாவி என் இடுப்புல இருந்துச்சு."

இப்போதாவது யாராவது தலை குனிவார்கள் என்று கன்னையா எதிர்பார்த்தார்.

பழனியப்பன் கனிவாகத்தான் பேசினார். "உணர்ச்சிவசப்படாதீங்க கன்னையா. கமாவுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? மழ இயற்கை. அதுவும் ராமு நம்ம வேலக்காரர் மாதிரி, தப்பா எடுத்துக்க மாட்டாரு."

லோகேஸ்வரி டீச்சர் குறிப்புப் புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்து, எண்ணெய்க் கறையைக் கண்ணாடி வழியாகக் கூர்ந்து பார்த்தார். "செயலாளர் கூறுவது உண்மையானால், ஆற்றுப் பயணம் இன்னும் ஆராயப்படவேயில்லை. கடலில் ஆறு பயணம் முடித்திருக்கிறோம். ஒப்பாய்வு நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் ஆற்றிலும் ஆறு போக வேண்டும்."

"ஆறு ஆறு!" என்றார் யுவராஜ். முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கை உயர்த்தினார்கள். வடை வந்தது.

"எழுதுங்க கன்னையா. இந்த வாட்டி கமாவ மறந்துறாதீங்க," என்றார் பழனியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாடியில் எட்டுப் பேர் இருந்தார்கள். வெட்கப்பட ஒருவர் போதும் என்று ஏகமனதாக ஏற்றுக்கொண்டதுபோல் இருந்தது. கன்னையா குறிப்புப் புத்தகத்தை மூடி டீச்சர் பக்கம் தள்ளினார். சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, எந்தத் தீர்மானமும் இல்லாமல் ஸ்டோரைத் திறந்து, கூலிக்கு ஒரு லோரி பிடித்து, இரண்டு கூடாரத்தையும் காப்பாருக்குக் கொண்டுபோனார். மழை இல்லை. பெரிய வெயிலும் இல்லை. தானே இறக்கினார். இறக்கிய பிறகுதான் தனக்கு அதை நடத் தெரியாது என்பது உறைத்தது. அத்தனை வருடம் அந்தக் கூடாரங்களைப் பற்றி எழுதியவருக்கு எந்தக் குழாய் எதில் மாட்டும் என்று தெரியவில்லை. அரை மணி நேரம் மாட்டிக் கழற்றி, கழற்றி மாட்டினார். சட்டை நனைந்துவிட்டது.

வீரம்மா வெளியே வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னைக்கு எதுக்குண்ணே டெண்ட்டு? நாலஞ்சு பேருதான் வராங்க."

"அன்னைக்கு வரலியேம்மா," என்றார் கன்னையா. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே குனிந்து, ஒரு குழாயை உருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"முனையப் பாத்து மாட்டுங்கண்ணே, பெயின்ட்டுல போட்டிருக்கும். எழுத்துல எழுதினா ஆளுக்கு ஒரு மாதிரி படிச்சுருவாங்கன்னு, அவரு நம்பராவே போட்டுட்டாரு."

கன்னையா குழாயைத் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் பெயின்ட்டில், கோணலாக, 6 என்று இருந்தது.